யார் கை பட்ட மண்? ஒரே ஓர் இத்தாலிய ஜாடி வாங்குமுன்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் வரிச் சட்டத்தில் எவையெல்லாம் கலைப்பொருள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஓவியம், சிற்பம், பதிப்புப் படங்கள் என்று போய்க்கொண்டிருக்கும் அந்தப் பட்டியல் மட்பாண்டத்துக்கு வந்ததும் கறாராகிவிடும். ஒற்றைப் பொருளாக இருக்க வேண்டும், முழுக்கக் கலைஞரே செய்திருக்க வேண்டும், அவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வரித்துறையைப் பொறுத்தவரை அது வெறும் சட்டி.

1960-கள், 70-களின் எளிய இத்தாலிய ஸ்டுடியோ மட்பாண்டங்களில் ஒன்றை வாங்க நினைப்பவர் இந்தக் கேள்வியைத்தான் வேறு உருவில் சந்திக்கிறார். கலைஞரே சக்கரத்தில் உட்கார்ந்து வனைந்ததை வாங்குவதா, ஒரு வடிவமைப்பாளர் யோசித்து வேறு யாரோ செய்ததை வாங்குவதா? இரண்டுக்கும் நடுவே இன்னும் சில வழிகள் உண்டு. ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது, அதை வீட்டில் வைத்துத் தினமும் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலீட்டுக்காக வாங்குபவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகப் பயன்படாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தாலிக்கும் எளிமைக்கும் மட்பாண்டத்தில் அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது. அந்த நாட்டின் பெருமையெல்லாம் மயோலிக்கா. குறைந்த சூட்டில் சுட்ட மண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று கொட்டிய ஓவியம். ஃபாயென்ட்ஸா என்ற ஊர் இதில் அத்தனை பெயர் பெற்றதால்தான் பிரெஞ்சுக்காரர்கள் இந்த வகைப் பாண்டத்துக்கே ‘ஃபயான்ஸ்’ என்று பேர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஃபாயென்ட்ஸாவில் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓவியத்தைக் குறைத்து, வெள்ளையை வெள்ளையாகவே விட்ட பாண்டங்கள் வந்தன. ‘பியாங்கி’, அதாவது வெள்ளைகள் என்று பெயர். ஐரோப்பா முழுக்க அரச குடும்பங்கள் விரும்பி வாங்கின. ஆக, இந்த மண்ணுக்கு எளிமை ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன விருந்தாளிதான்.

அது மறுபடி வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கிரெஸ் என்று இத்தாலியர்கள் சொல்லும் ஸ்டோன்வேர் மூலமாக. சுமார் 1200 டிகிரி செல்சியஸில் மண் இறுகிக் கல்லாகும்போது மயோலிக்காவின் பளிச் வண்ணங்களில் பல தாக்குப்பிடிக்காது. மிஞ்சுவது சாம்பல், மணல், பழுப்பு, பால்வெள்ளை. கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேல்பூச்சு, மேலே படம்போல ஒட்டிக்கொண்டிருக்காமல் மண்ணோடு ஒன்றிவிடும். அலங்காரம் போனால் பார்க்க என்ன இருக்கிறது? தோளின் வளைவு, வாயின் தடிமன், கிளேஸ் எங்கே தடித்து எங்கே மெலிகிறது, அவ்வளவுதான். ஒரு பூக்கொடி வரைந்த ஜாடியில் கோணலான கழுத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் உடனே தெரிந்துவிடும்.

சரி, யாரை வாங்குவது?

புரூனோ கம்போனேயிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது. 1936-இல் அமால்ஃபி கடற்கரையிலுள்ள வியத்ரி சுல் மாரேயில் பிறந்தார். அந்த ஊரே வண்ண மயோலிக்காவுக்குப் பேர் போனது. அப்பா குயிதோ கம்போனே போருக்குப் பிந்தைய இத்தாலியின் முக்கியமான மட்பாண்டக் கலைஞர்களில் ஒருவர். குடும்பம் பிறகு ஃபுளோரன்சுக்கு இடம்பெயர்ந்தது. மகன் அப்பாவின் பட்டறையில் தொழில் கற்றாலும் 1960-களில் நியூயார்க்குக்குப் போய் ஓவியத்தில் இறங்கினார். ரௌஷன்பெர்க், ஃபிராங்க் ஸ்டெல்லா போன்ற அமெரிக்க ஓவியர்கள் இருந்த வட்டம் அது. 1969-இல் அப்பா இறந்த பிறகு பட்டறைப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 2021-இல் இறந்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கான்வாஸில் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துவிட்டு வந்தவருடைய ஜாடிகள் அவை. மங்கிய வெள்ளை, சாம்பல், ஓட்ஸ் கஞ்சி நிறம். நீண்ட கழுத்துப் பாட்டில்கள், உருண்டைகள், சில சமயம் இரண்டு வாய் வைத்த விசித்திரங்கள். அருகில் போனால் கிளேஸுக்கு அடியிலிருந்து இரும்புச் சத்து சின்னச் சின்னப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்தால் போலோன்யாக்காரர் ஜோர்ஜோ மொராந்தி வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டிருந்த பாட்டில் வரிசை நினைவுக்கு வராமல் போகாது. விற்பவர்கள் எல்லோரும் இந்த ஒப்பீட்டைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், ஆனாலும் உண்மைதான்.

விலையைப் பொறுத்தவரை சின்னப் பாட்டில்கள் சில நூறு யூரோவில் தொடங்கும். பெரியவை ஆயிரங்களுக்குப் போகும். இங்கே ஒரு சிக்கல். அப்பாவும் மகனும் அடியில் ‘கம்போனே இத்தாலி’ என்றே தூரிகையால் எழுதினார்கள். அப்பாவின் பொருள்களில் பலவற்றில் பக்கத்தில் ஒரு சின்னக் கழுதைப் படமும் இருக்கும். கழுதை இல்லாத மகனுடைய ஜாடியை, ‘1950-களின் கம்போனே’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி அப்பா விலைக்கு விற்பது அவ்வப்போது நடக்கிறது. அப்பாவின் கிளேஸ் தடித்து, எரிமலைக் குழம்பு மாதிரிக் குமிழ்விட்டு, வண்ணங்களோடு இருக்கும். மகனுடையது அமைதி. நாலைந்து பொருள்களைப் பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

அடுத்தது கார்லோ சாவுலி. 1926-இல் ஃபாயென்ட்ஸாவில் பிறந்து 2002-இல் அங்கேயே இறந்தவர். அந்த ஊரின் சர்வதேச மட்பாண்டப் போட்டியில் 1953, 1958, 1962 என்று மூன்று முறை முதல் பரிசு வாங்கியவர். அவர் உருவாக்கிய ஒரு வெள்ளை கிளேஸுக்கு அவர் பேரே வந்துவிட்டது: ‘பியாங்கோ சாவுலி’. அதைச் சுத்தமான வெள்ளை என்று சொல்ல முடியாது. சாம்பலும் இளஞ்சிவப்பும் அடியில் ஓடும், மேகம் மூடிய காலை மாதிரி. ஆரம்பகால ஜாடிகள் அடக்கமானவை. போகப் போக அவர் வனைந்த ஜாடியையே பிடித்து நெளித்து, அலையலையாகக் குலைத்து, கடைசியில் உழுத வயலின் மண்கட்டிகள் போன்ற பெரிய சிற்பங்களுக்குப் போய்விட்டார்.

அதனால்தான் ஒற்றைப் பொருள் வாங்குபவருக்கு சாவுலியைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அவருடைய உச்சம் பெரிய உருவங்களில் இருக்கிறது. அவற்றின் விலை ஒரு காருக்குச் சமம், வைக்க இடமும் வேண்டும். கைக்கு எட்டும் விலையில் வருபவை பெரும்பாலும் அவர் தேடிக்கொண்டிருந்த காலத்துப் பொருள்கள். அழகுதான், ஆனால் எல்லோரும் சாவுலி என்று சொல்லும்போது மனதில் நினைக்கும் சாவுலி அதில் இருக்காது. பெயருக்காக வாங்கி, பிறகு பெரியதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருப்பதைவிட ஃபாயென்ட்ஸாவுக்கு ஒரு டிக்கெட் எடுக்கலாம். அவருடைய பழைய பட்டறையே 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே ஊரில் 1908-இல் கயேத்தானோ பல்லார்தினி தொடங்கிய சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகமும் உண்டு. ஒரு நாள் முழுக்கப் போதாது.

இப்போது எதிர்முனைக்கு வருவோம். என்சோ மாரி, மிலானில் இருந்த வடிவமைப்பாளர், 1932-இல் பிறந்து 2020-இல் கொரோனாவில் இறந்தவர். சண்டைக்காரர், கம்யூனிஸ்ட், தன் தொழிலையே திட்டிக்கொண்டு அதைச் சிறப்பாகச் செய்தவர். புரூனோ தனேசேயும் ஜாக்லின் வோதோஸும் 1957-இல் மிலானில் தொடங்கிய தனேசே நிறுவனத்துக்காக 1973-இல் ‘சாமோஸ்’ என்ற பீங்கான் வரிசையைச் செய்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, ‘பீங்கானைக் கையால் செய்வதற்கு ஒரு முன்மொழிவு’.

பீங்கான் பொதுவாக எப்படி உருவாகிறது? மண்ணைக் கூழாக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். நூறு வார்த்தால் நூறும் ஒரே அச்சு. செய்பவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மாரிக்கு அதுதான் உறுத்தியது. மண்ணைப் பட்டையாக வெட்டி ஒட்டுவது, திரியாக உருட்டிச் சுற்றுவது, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது என்று சில செய்முறைகளை வகுத்துக் கொடுத்து, மீதியைச் செய்பவர் கையில் விட்டார். அதனால் ஒரே மாதிரியில் இரண்டு கிண்ணம் ஒன்றுபோல் இருக்காது. வெள்ளை, மெல்லியது, ஓரங்கள் கிழிந்தும் கிழியாமலும். எளிமை என்றாலே வழவழப்பு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் சாமோஸ் கலைப்பொருள் ஆகாது. மாரியின் கை அதில் படவில்லை. செய்த கைக்குப் பெயர் இல்லை. இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். தொழிலாளிக்குச் சுதந்திரம் கொடுக்கச் செய்த பொருளை இன்று ஏலத்தில் எடுப்பவர்கள் மாரியின் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். மாரி இருந்திருந்தால் யாரையாவது கண்டபடி திட்டியிருப்பார். இருந்தும் சொல்கிறேன், யோசனைக்காக ஒரு பொருளை வீட்டில் வைக்க விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த கிண்ணம் கிடையாது. வருகிறவர் எல்லோரும் ‘இது என்ன, சரியாக ஒட்டாத மாதிரி இருக்கே’ என்று கேட்பார்கள், நீங்களும் அரை மணி நேரம் பேசலாம். நடைமுறைக் கஷ்டங்கள் இரண்டு. மெல்லிய ஓரம் லேசில் சில்லு போகும். ஓரமே ஒழுங்கற்றது என்பதால் போன சில்லு எது, பிறவிக் கோணல் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நேரில் விரலால் தடவிப் பார்க்காமல் சாமோஸ் வாங்காதீர்கள். சுட்ட ஓரம் மழமழவென்றிருக்கும், உடைந்த ஓரம் விரலைப் பிறாண்டும்.

இந்த இரண்டு முனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் அலெசியோ தாஸ்கா. எனக்கு இவரைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் நம் ஆட்களுக்கு இவருடைய தொழில்நுட்பத்தை விளக்கவே வேண்டாம். முறுக்கு உரல். அவ்வளவுதான். வெனெத்தோ பகுதியில் நோவே என்ற ஊர், 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பூப்போட்ட பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. 1929-இல் பிறந்த தாஸ்கா, 1960-களின் பிற்பகுதியில் அந்தப் பூக்களுக்கெல்லாம் முதுகு காட்டிவிட்டு, களிமண்ணை ஒரு துளைத்தகடு வழியாக அழுத்திப் பிதுக்க ஆரம்பித்தார். தகட்டில் என்ன வடிவத்தில் துளையோ அந்த வடிவத்தில் மண் நீளமாக வரும். அதைக் கம்பியால் வெட்டி, சில சமயம் வளைத்து, சுடுவார். இத்தாலிய மொழியில் அந்தத் தகட்டுக்கு ‘த்ராஃபிலா’ என்று பெயர். பாஸ்தா பிழியும் தகட்டுக்கும் அதே சொல்தான்.

பிழிந்து எடுப்பது இயந்திரம், எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது கை. வெட்டிய முகத்தில் உள்ளறைகள் தெரியும், பக்கவாட்டில் மண் தகட்டை உரசிக்கொண்டு வந்த கோடுகள் அப்படியே இருக்கும். வேறு அலங்காரம் தேவைப்படவில்லை அவருக்கு. 2020-இல் காலமானார். இத்தாலிக்கு வெளியே கம்போனே அளவுக்கு இவருடைய பேர் அடிபடுவதில்லை, அதனால் விலையும் இன்னும் மூச்சு விடும் நிலையில் இருக்கிறது. கட்டடம் போல, கணக்குப் போல இருக்கும் பொருள்கள் பிடிக்கும் என்றால் கம்போனேயைத் தாண்டி இவரிடம் வாருங்கள். எனக்கு அவை அறையில் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகின்றன. அது என் ருசி.

தொழிற்சாலை வரிசைகளைப் பற்றி அதிகம் நிற்கத் தேவையில்லை. ஆஞ்செலோ மஞ்சரோத்தி பிராம்பில்லா நிறுவனத்துக்குச் செய்த ஒற்றை நிற ஜாடிகள் கூர்மையானவை, அதே சமயம் அச்சில் வார்த்தவை. வடிவம் மட்டும் போதுமென்றால் எடுக்கலாம். கல்லராத்தே ஊர்க்காரர் அம்புரோஜியோ போட்சி 1968-இல் ஜெர்மனியின் ரோசென்தால் நிறுவனத்துக்கு வடிவமைத்த ‘துவோ’ வரிசை தாராளமாகக் கிடைக்கும். தனியாக ஒன்றை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்தால் அது ஏதோ செட்டிலிருந்து பிரிந்து வந்த மாதிரித்தான் நிற்கும், உண்மையும் அதுதான்.

ஃபிராங்கோ புச்சியை மட்டும் அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. பெசாரோவில் 1960-களின் தொடக்கத்தில் ‘லபொராதோரியோ பெசாரோ’ என்று ஒரு பட்டறை தொடங்கி, கிரெஸ் மண்ணில் தினசரிப் புழக்கத்துக்கான தட்டு, கிண்ணம், ஜாடி செய்தவர். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், அடுப்பங்கரையில் அடிபடலாம், யாரும் பதற மாட்டார்கள். சேகரிப்பாளர்கள் பெரிதாகத் தொடுவதில்லை என்பதால் பழைய பொருள் சந்தைகளில் சில பத்து யூரோவுக்குக்கூடச் சிக்கும்.

இன்று உயிரோடு இருப்பவர்களிடம் நேரடியாக வாங்குவதும் ஒரு வழி. வடகிழக்கே ஃபிரியூலி பகுதியில் ரினா மெனார்தி, காகித நார் கலந்த களிமண்ணில் வேலை செய்யும் பாவோலா பரோனெத்தோ போன்றவர்கள் இருக்கிறார்கள். போலி என்ற பயம் இல்லை, உடைந்து ஒட்டியதா என்ற சந்தேகம் இல்லை, விலையும் அட்டையில் எழுதியிருக்கும். பரோனெத்தோவின் நெளிநெளியான அட்டை போன்ற ஜாடிகள் உள்ளலங்கார இதழ்களில் அதிகம் வந்துவிட்டதால் எனக்குக் கொஞ்சம் சலித்துவிட்டது. அவருடைய தவறில்லை.

அப்புறம், எதைத் தேர்ந்தாலும் கையில் எடுத்துப் பார்க்கும் வித்தை. நம் ஊரில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான். கிரெஸ் ஜாடியைத் தட்டினால் தெளிவான ஒலி வரும். மயிரிழை விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று அடங்கிவிடும். ஒரு சின்னப் புற ஊதா டார்ச் எடுத்துப்போய் இருட்டில் அடித்துப் பாருங்கள், பூசி மறைத்த இடங்கள் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். வழவழப்பில்லாத வெளிர் கிளேஸில் பழுது பார்த்த இடத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், டார்ச்சுக்குக் கொடுக்கும் சில்லறைக் காசு வீண்போகாது.

பிறகு அடிப்பாகம். என் முதல் இத்தாலிய ஜாடியை இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து எல்லாம் அழகாகப் படம் பிடித்திருந்தார்கள். வந்து சேர்ந்ததும் புரட்டினால், பக்கவாட்டில் அடியை ஒட்டி ஒரு சுண்டுவிரல் அளவுத் துளை. மின்கம்பி நுழைக்கப் போட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதை மேசை விளக்காக மாற்றி வைத்திருக்கிறார். விற்றவர் படம் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் சாமர்த்தியமாகச் சுவர்ப்பக்கம் திருப்பியிருக்கிறார். அந்தக் கால இத்தாலிய ஜாடிகள் பல இப்படி விளக்கானவை. துளை விழுந்தால் மதிப்பு பாதியாகக்கூடக் குறையும், தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதும் முடியாது. எல்லாப் பக்கமும் சுற்றிப் படம் கேளுங்கள். தர மறுத்தால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் இருக்கும், நாலில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதிர்ச்சி குறையும். இத்தாலியிலிருந்து வெளியே கொண்டுபோவது பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். இறந்துபோன கலைஞரின் பொருள் 70 ஆண்டைத் தாண்டி, விலையும் 13,500 யூரோவுக்கு மேல் இருந்தால்தான் பொதுவாக ஏற்றுமதி அனுமதி வாங்கும் வேலை வரும். நாம் பேசும் ஜாடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கோட்டையும் தொடாது. ஆனாலும் விற்பவர் உறுதிமொழிப் படிவம் நிரப்பித் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒற்றை அட்டைப்பெட்டியில் கிரெஸ் ஜாடி அனுப்புகிறவரை நம்பாதீர்கள்.

என் பணமாக இருந்தால் என்ன செய்வேன்? சாமோஸ் கிண்ணத்தை நேரில் தடவிப் பார்க்க வழி இல்லாத தூரத்தில் இருப்பவன் நான், அதனால் மாரியை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்வேன். சாவுலிக்கு வசதி போதாது. தாஸ்காவா கம்போனேயா என்று ஒரு வாரம் உழன்றுவிட்டு, கம்போனேயின் ஒரு ஜாண் உயரப் பாட்டில் ஒன்றை எடுப்பேன். சாம்பல் கலந்த வெள்ளை, கழுத்து கொஞ்சம் தடித்தது, அடியில் தூரிகை எழுத்து, துளை இல்லாதது. ஜன்னலோரம் வைத்தால் காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் காட்டும். பூ வைக்க மாட்டேன். பெரிய கம்போனேக்கு ஆசைப்படாமல் சின்னதை எடுத்ததில் மிச்சமான காசில் புச்சியின் கிரெஸ் தட்டுகள் நாலு. அவற்றில் தோசை போட்டுச் சாப்பிடலாம்.